இன்ஸ்ப்ரூக்கில் ஒரு நாள்: டெல்டாக்காரர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டிய வெண்கலம்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுவாகப் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரி. நகர உலா, தங்கக் கூரை, ஓய்வு நேரம், இந்திய இரவு உணவு. அந்த ஒரு வரிக்குள் ஒன்றரை மணி நேரமும் இருக்கலாம், முழு நாளும் இருக்கலாம். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே ராத்தங்குகிற ஊர் என்ற அளவில்தான் பலர் இதை நினைக்கிறார்கள். தங்கக் கூரை முன்னால் ஒரு போட்டோ, கடைத்தெருவில் ஒரு மணி நேரம், திரும்பவும் பஸ்.

வெண்கல வார்ப்புக்குப் பேர்போன சுவாமிமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிற நமக்கு இது பெரிய நஷ்டம். தங்கக் கூரையிலிருந்து நாலைந்து நிமிட நடையில், ஆளைவிட உயரமான 28 உலோகச் சிலைகள் ஒரு தேவாலயத்துக்குள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. அத்தனையும் 16-ஆம் நூற்றாண்டில் வார்த்தவை. வார்ப்புச் சிலையை உற்சவத்திலும் பட்டறையிலும் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அங்கே தெரிகிற விஷயங்கள், மற்ற ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியாது. ஒன்றரை மணி நேரமே கிடைத்தாலும் அதில் பாதியை அந்தத் தேவாலயத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மீதி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதை இந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. பயணத் திட்டத்தில் "வெளியிலிருந்து பார்த்தல்" என்று இருந்தால் நுழைவுச் சீட்டு சேர்க்கவில்லை என்று பொருள். "கடந்து செல்லுதல்" என்றால் பஸ் நிற்கவே நிற்காது, ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. இன்ஸ்ப்ரூக்கில் ஓய்வு நேரம் எத்தனை மணி என்று எழுத்தில் கேளுங்கள். எந்தக் கிழமை என்பதையும் கேளுங்கள். ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். நம் ஊர் ஞாயிறு மாதிரி நினைத்துக்கொண்டு போனால் தண்ணீர் பாட்டில் வாங்கக்கூட ரயில் நிலையம் வரை அலைய வேண்டியிருக்கும். சிலைகள் இருக்கிற தேவாலயத்தையும் ஞாயிறு காலையில் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை, மதியத்துக்கு மேல்தான் திறப்பது வழக்கம். குழு ஞாயிறு காலை வந்து மதியம் கிளம்புகிறது என்றால், நாள் மாற்ற முடியுமா என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

பழைய நகரம் நடந்து போவதற்கான பகுதி, கோச் உள்ளே வராது. பெரும்பாலும் ரென்வேக் சாலைப் பக்கம், அரண்மனைக்கும் அரசர் பூங்காவுக்கும் அருகில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து எல்லாமே பக்கம்தான். தரை முழுக்கக் கல் பாவியது. மழை பெய்தால் வழுக்கும். தோல் செருப்போ அடிப்பாகம் தேய்ந்த செருப்போ ஆகாது. புடவை கட்டுகிறவர்கள் அடியில் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு புடவையை ஒரு விரற்கடை தூக்கிக் கட்டினால் நாள் முழுக்க நிம்மதியாக நடக்கலாம்.

தங்கக் கூரையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டியது, அது சின்னது. சிதம்பரத்தில் பொன்வேய்ந்த கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதன் அளவைப் பார்த்து ஏமாறுவார்கள். ஒரு மாளிகையின் முகப்பில் துருத்திக்கொண்டு நிற்கிற மாடத்துக்கு மேல் போட்ட கூரை, அவ்வளவே. மாக்ஸிமிலியன் பேரரசர், கீழே சதுக்கத்தில் நடக்கிற போட்டிகளையும் விழாக்களையும் உட்கார்ந்து பார்ப்பதற்காக 1500-ஐ ஒட்டிக் கட்டியது. கூரையில் 2,657 செம்பு ஓடுகள். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துச் செம்பின் மேல் பூசி, சூடு காட்டிப் பாதரசத்தை ஆவியாக விரட்டினால் தங்கம் மட்டும் ஒட்டி நிற்கும். அந்த முறையில் முலாம் ஏற்றியது. ஓட்டைப் பார்த்தவுடன் நகர்ந்துவிடாதீர்கள். மாடத்தின் முகப்பில் இருக்கிற புடைப்புச் சிற்பங்களில் மாக்ஸிமிலியனும் அவருடைய இரண்டு மனைவியரும் இருக்கிறார்கள். பக்கத்துப் பலகைகளில் உடம்பை வளைத்து முறுக்கி ஆடுகிற கூத்தாடிகள். நம் கோயில் கரணச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆட்டக்காரர்கள் பிடித்துப்போகும். பத்து நிமிஷம் போதும்.

எதிரே வலது பக்கம் நகரக் கோபுரம். பார்வை மாடம் வரை 133 படி, மேலே போனால் ஊரும் மலையும் ஒருசேரத் தெரியும். முழங்கால் வலி இருக்கிறவர்கள் விட்டுவிடலாம். அதைவிட நல்ல காட்சி மலை மேல் காத்திருக்கிறது.

இனி தேவாலயம். ஊரில் அதை ஹோஃப்கிர்ஷே என்பார்கள், அரசவைத் தேவாலயம். தங்கக் கூரைக்குப் பக்கத்திலிருந்து போகிற ஹோஃப்காசே என்ற சந்தில் நடந்து, வளைவைத் தாண்டினால் வந்துவிடும். வழக்கமாக நடக்கிற குழப்பம் ஒன்று: தேவாலயத்தின் பெரிய கதவைத் தேடிப் போய், மூடியிருக்கிறது என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். பார்வையாளர் வாசல் ஒட்டினாற்போல் இருக்கிற திரோல் (இன்ஸ்ப்ரூக் இருக்கிற மாநிலம்) நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தின் வழியாக, பல்கலைக்கழகத் தெருவில் இருக்கிறது. சீட்டும் அங்கேதான். உள்ளே செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. தொப்பியைக் கழற்ற வேண்டும், ஃபிளாஷ் போடக்கூடாது.

நடுவே கறுப்புக் கம்பி வேலிக்குள் பெரிய கல்லறை மேடை. அதன் மேல் மாக்ஸிமிலியன் மண்டியிட்டுக் கைகூப்பிய கோலத்தில் வெண்கலமாக இருக்கிறார். கல்லறைக்குள் அவர் இல்லை. 1519 ஜனவரியில் வெல்ஸ் என்ற ஊரில் இறந்தார், உடல் வீனர் நோய்ஷ்டாட்டில் அடக்கமானது. பழைய பாக்கி தீரவில்லை என்று இன்ஸ்ப்ரூக் சத்திரக்காரர்கள் அவருடைய பரிவாரத்துக்கு இடம் தர மறுத்ததும், அதன்பின் அவர் ஊரை விட்டுக் கிளம்பியதும் அந்தக் கடைசி மாதங்களில் நடந்தவை. சிலைகள் மட்டும் இங்கே தங்கிவிட்டன. அவற்றுக்கு ஓர் இடம் வேண்டும் என்று பேரன் முதலாம் ஃபெர்டினாண்ட் 1553-இல் தொடங்கி 1563-இல் முடித்த கட்டடம்தான் இந்தத் தேவாலயம். சிலைகளுக்காகக் கோயில் எழும்பியிருக்கிறது.

மாக்ஸிமிலியன் திட்டமிட்டது 40 பெரிய சிலைகள். முடிந்தவை 28. அவருடைய முன்னோர், மனைவியர், பிள்ளைகள், உறவினர், கூடவே தன் குலத்துக்கு முன்னோடிகள் என்று அவர் கருதிய ஆர்தர், தியோடொரிக், குளோவிஸ் போன்ற பழைய மன்னர்கள். இறுதி ஊர்வலத்தில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு வருகிறவர்களாக இவர்களை நினைத்தார்கள். பல சிலைகளின் வலது கை எதையோ பிடிக்கிற மாதிரி வளைந்திருப்பது அதனால்தான். ஆர்தரும் தியோடொரிக்கும் 1513-இல் நூரம்பெர்க்கில் பீட்டர் ஃபிஷர் பட்டறையில் வார்த்தவை, வரைவு ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரருடையது. மற்றவற்றில் பெரும்பாலானவை இன்ஸ்ப்ரூக்கை ஒட்டிய ம்யூலாவ் பட்டறையில் உருவானவை. செம்புக்குத் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஷ்வாட்ஸ் இருக்கிறது, அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பெரிய வெள்ளி, செம்புச் சுரங்கங்களில் ஒன்று.

நம் ஊர் முறையோடு வைத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்த கலவையில் உருவம் பிடிப்பார்கள். அதன் மேல் காவிரி வண்டலை நைசாகக் குழைத்து முதல் பூச்சு. மெழுகில் இருக்கிற ஒவ்வொரு கோடும் அந்தப் பூச்சில்தான் பதிகிறது. அது நிழலில் காய்ந்த பிறகு, களிமண்ணும் மணலும் கலந்த கனமான பூச்சு, மேலே கம்பிக் கட்டு. சூடு காட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகை முன்பே எடை போட்டிருப்பார்கள். அதைப்போல் 8 முதல் 10 மடங்கு உலோகம் பிடிக்கும். நம் உற்சவ மூர்த்திகள் உள்ளேயும் உலோகம் நிறைந்தவை.

இன்ஸ்ப்ரூக் சிலை அளவுக்கு அந்த முறை ஒத்துவராது. 70 கிலோ எடையுள்ள ஆளின் உடம்பு ஏறக்குறைய 70 லிட்டர் கொள்ளளவு. அதே அளவை வெண்கலத்தால் நிரப்பினால் 600 கிலோ வரும். இந்தச் சிலைகள் ஆளைவிடப் பெரியவை, கவசமும் தரை வரை விழுகிற அங்கியும் வேறு. கெட்டியாக வார்த்தால் ஒவ்வொன்றும் ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். உலோகச் செலவு ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தொல்லை ஆறுவதில் வருகிறது. தடித்த உலோகத்தில் மேல்தோல் முதலில் இறுகும், உள்ளே பிறகுதான் இறுகும். இறுகும்போது சுருங்குவதால் நடுவில் குழி விழும், தடிமன் மாறுகிற இடங்களில் வெடிப்பு ஓடும். அதனால் பெரிய உருவங்களை உள்ளே பொள்ளலாக வார்க்கிறார்கள். முதலில் மண்ணால் ஓர் உள்கரு, அதன் மேல் மெழுகு, அதன் மேல் வெளி அச்சு. மெழுகு வடிந்ததும் உள்கரு அந்தரத்தில் நிற்க வேண்டும் என்பதால் இரும்பு ஊசிகள் குத்தி வெளி அச்சோடு பிணைத்து வைப்பார்கள். ஊசி தளர்ந்து உள்கரு ஒரு விரல் நகர்ந்தால்கூட ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து ஓட்டை விழும். உள்கருவில் ஈரம் மிச்சமிருந்தால் நீராவி கிளம்பி உலோகத்தை வெளியே வீசிவிடும். இப்படி ஒன்றல்ல, 28.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரிசையாக நடங்கள். இடுப்புப் பட்டை, கை சேருமிடம், அங்கியின் விளிம்பு ஆகியவற்றில் இணைப்புக் கோடு தெரிகிறதா பாருங்கள். பெண் உருவங்களின் ஆடையில் ஜரிகைப் பூவேலை முழுவதும் உலோகத்திலேயே இருக்கிறது. அதில் எது வார்ப்பிலேயே வந்தது, எது உளியால் பிறகு செதுக்கியது என்று கிட்டத்தில் பார்த்தால் ஓரளவு பிரித்துவிடலாம். உளி பட்ட கோட்டின் ஓரம் கூர்மையாக இருக்கும், மெழுகிலேயே இட்ட கோட்டின் ஓரம் மழுங்கலாக இருக்கும். ஆர்தரிடம் கூடுதலாக ஐந்து நிமிஷம் நில்லுங்கள். கவசத்துக்குள் உடம்பு எடையை ஒரு காலில் போட்டு இளைப்பாறி நிற்கிறது. பக்கத்துச் சிலைகளின் விறைப்பு அதில் இல்லை. நம் சோழர் படிமங்களில் இடுப்பு ஒசிந்து நிற்பதைப் பார்த்த கண்ணுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். சில சிலைகளில் கை பட்டுப் பட்டுப் பளபளப்பேறிய இடங்கள் இருக்கின்றன. தொடாதீர்கள், கை வியர்வையில் இருக்கிற உப்பு உலோகத்தின் பழைய மேல்பூச்சைத் தின்னும்.

மேடையைச் சுற்றி 24 பளிங்குப் புடைப்புகள், பேரரசரின் போர்களும் திருமணங்களும். பெரும்பகுதி அலெக்சாண்டர் கோலின் செய்தது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதால் சின்ன பைனாகுலர் இருந்தால் நல்லது. 1809-இல் நெப்போலியன் தரப்பை எதிர்த்துத் திரோல் விவசாயிகளைத் திரட்டிய ஆண்ட்ரியாஸ் ஹோஃபரின் கல்லறையும் இதே கட்டடத்தில் இருக்கிறது. சிலைகளுக்கு மட்டும் 45 நிமிஷம் வேண்டும், ஒரு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஊரில் இருக்கும்போதே ஒரு காரியம் செய்துவிட்டுப் போனால் இந்த ஒரு மணி நேரத்தின் பலன் கூடும். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரைப் பாருங்கள், 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கிருந்து சுவாமிமலை போய், ஏதாவது ஒரு பட்டறையில் மெழுகு வேலையையும் மண்பூச்சையும் பாருங்கள். பெரும்பாலான ஸ்தபதிகள் பொறுமையாகக் காட்டுவார்கள். அரை நாள் வேலை. பிள்ளைகளைக் கூட்டிப் போகிற குடும்பங்கள் இதை அவசியம் செய்ய வேண்டும்.

முழு நாள் கிடைக்கிறது என்றால் காலையில் மலை, மதியம் தேவாலயம், மாலையில் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் மலை உச்சியில் மதியத்துக்கு மேல் மேகம் கூடும், இடி மழையும் வரும். காலை வெளிச்சத்துக்குத்தான் உத்தரவாதம் அதிகம். காங்கிரஸ் நிலையத்திலிருந்து மலை ரயில் கிளம்புகிறது, தேவாலயத்திலிருந்து நடக்கிற தூரம்தான். 2007-இல் திறந்த இந்தப் பாதையின் நிலையங்களை வடிவமைத்தவர் ஜாஹா ஹதீத். எட்டு நிமிஷத்தில் ஹங்கர்பர்க். அங்கே மாறி, ரோப்காரில் சேகுருபே, 1,905 மீட்டர். மறுபடி மாறி ஹாஃபெலேகர், 2,256 மீட்டர். இரண்டு மாற்றத்தையும் வரிசையில் நிற்பதையும் சேர்த்து, போய் வர மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

உயரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஊட்டி ஏறக்குறைய இதே உயரம்தான். ஊட்டியில் சிரமமில்லாமல் நடந்தவர்கள் இங்கேயும் நடக்கலாம். குளிர்தான் வேறு. ஊர் 574 மீட்டரில் இருக்கிறது, நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.65 டிகிரி குறையும். கீழே 25 டிகிரி என்றால் மேலே 14 இருக்கும், காற்றடித்தால் அதைவிடக் குறைவாக உறைக்கும். ஜூனில்கூட நிழல் பக்கங்களில் பனித்திட்டு கிடக்கும். பஞ்சு வைத்த ஜெர்கினை பெட்டிக்குள் வைத்துப் பஸ்ஸில் பூட்டிவிட்டு வருவதுதான் எல்லாக் குழுக்களிலும் நடக்கிறது. அன்று காலையே கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலை ஏறுவது கெடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தெற்கே ப்ரென்னர் கணவாய் வழியாக இறங்குகிற ஃபோன் என்ற வெப்பக் காற்று. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடாகிறது. வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் காற்றின் வேகத்தால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள். சிலருக்கு அன்று தலைவலியும் வரும். மற்றொன்று பராமரிப்பு. நம் கோடை விடுமுறையான ஏப்ரல், மே வாக்கிலும் நவம்பரிலும் சில நாட்கள் மேல் பகுதியை மூடுவது உண்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன்பு ரோப்கார் இணையதளத்தைப் பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும். மலை, அருங்காட்சியகங்கள், ட்ராம் எல்லாம் அடங்கிய 24 மணி நேர இன்ஸ்ப்ரூக் கார்டு, மலைக்கும் போய் இரண்டு மூன்று இடங்களுக்கும் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும். தேவாலயம் மட்டும் என்றால் தனிச் சீட்டே போதும்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் ஏமாறுகிற இடம் சூப். காஸ்ப்ரெஸ்க்நோடெல் என்பது பாலாடைக்கட்டி உருண்டை, பார்க்கச் சைவம். ஆனால் அது மிதக்கிற தெளிவான ரசம் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. சாறில்லாமல், சாலடோடு கேட்டால் தருவார்கள். கேஸ்ஷ்பேட்ஸ்லே என்ற பாலாடைக்கட்டி மாவுப் பண்டத்தில் முட்டை உண்டு. திரோலர் க்ரோஸ்ட்ல் உருளைக்கிழங்கு வறுவல் மாதிரி தெரியும், இறைச்சி சேர்ந்தது. "ஓனே ஃப்ளைஷ்" என்றால் இறைச்சி வேண்டாம், "ஓனே ஐ" என்றால் முட்டை வேண்டாம். ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல் கொண்டுபோகலாம். பால்கோவா, நெய், தயிர் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் வெற்றிலையும்கூடத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விட மாட்டார்கள். தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம், குழாய்த் தண்ணீர் மலை ஊற்று நீர். பொதுக் கழிப்பறைக்கு அரை யூரோ, ஒரு யூரோ சில்லறை வேண்டும். அருங்காட்சியகச் சீட்டு எடுத்திருந்தால் அங்கேயே போய்விடலாம்.

மாலையில் மரியா தெரேசா தெரு. தெற்குக் கோடியில் வெற்றி வளைவு, 1765-இல் இளவரசர் லியோபோல்டின் திருமணத்துக்காகக் கட்டத் தொடங்கியது. விழா நடந்துகொண்டிருந்தபோதே அவருடைய தந்தை முதலாம் ஃபிரான்ஸ் இறந்துவிட்டார். அதனால் தெற்கு முகத்தில் மகிழ்ச்சி, வடக்கு முகத்தில் துக்கம். இரண்டு பக்கமும் சுற்றி வந்து பாருங்கள். அங்கிருந்து இன் ஆற்றங்கரைக்கு வந்தால் எதிர்க்கரையில் வண்ண வீடுகள். ஜூனில் பனி உருகி ஆறு நிறைந்து ஓடும், பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்து சாம்பல் பச்சை நிறம். ஜூலையில் இருட்ட ஒன்பது மணியாகும், அவசரமில்லை.

அவசரப்படுத்துவது ஓட்டுநரின் நேரக் கணக்கு. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியாக வேண்டும், நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் பொதுவாக ஓட்டலாம், எல்லாம் கருவியில் பதிவாகும். நீங்கள் இருபது நிமிஷம் தாமதித்தால் இரவு உணவோ மறுநாள் காலைக் கிளம்பலோ தள்ளிப்போகும்.

ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், டூர் மேனேஜரிடம் முன்தினமே சொல்லி வையுங்கள்: தங்கக் கூரை வரை குழுவோடு வருகிறோம், பிறகு தேவாலயம் போகிறோம், இன்ன நேரத்துக்கு இன்ன இடத்தில் நிற்போம். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் மறுக்க மாட்டார்கள். கூடுமிடமாகத் தங்கக் கூரையைச் சொல்லாதீர்கள். எல்லா நாட்டுக் குழுக்களும் அங்கேதான் கூடும், கூட்டத்தில் நம் ஆட்களைத் தேடுவது கஷ்டம். தேவாலயச் சீட்டுக் கவுன்டர் வாசலைச் சொல்லுங்கள். மழை பெய்தாலும் நனையாமல் நிற்கலாம், பஸ் ஏறுகிற இடமும் அங்கிருந்து பக்கம்.